சவுந்தரம் வீட்டுக்கு வந்த தூதன்

“எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்... எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்...”

முன்னறையிலிருந்து பிரார்த்தனைச் சத்தம் அலையலையாக வந்துகொண்டிருந்தது. அடுப்பங்கரையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த சவுந்தரத்தின் உதடுகளும் கூடவே அசைந்தன. பால் குடித்த நாளிலிருந்து கேட்டுப் பழகிய பிரார்த்தனை. ஒருவர் அர்ச்சிஷ்டவர்களாகிய புனிதர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லுவார். மற்றவர்கள் ‘எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’ என்று பதில் சொல்லுவார்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அவளுக்கு வரிசை தப்பாது.

பெயர்கள் முடிந்தன. பிறகு அவள் கணவன் ஆரோக்கியநாதனின் குரல் அவள் இதுவரை கேட்டிராத ஒரு பெயரைச் சொன்னது.

“சீயோனின் வாசலாகிய தூதரே!”

“எங்களைத் தயைபண்ணி இரட்சியும் சுவாமி!”

அத்தனை பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அந்தக் குரல்களுக்குள் அவள் மகள் ஜூலியானாவின் குரலும் இருந்தது.

துருவிக்கொண்டிருந்த கை நின்றது.

“உலகத்தை நடுத்தீர்க்க வந்த தூதரே!”

“எங்களைத் தயைபண்ணி இரட்சியும் சுவாமி!”

வேதக்காரர் வீட்டில் பிறந்த சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அந்தப் பதில் சர்வேசுரன் ஒருவருக்கே உரியது. ‘இரட்சியும்’ என்று அவரைத்தான் கேட்கலாம். மற்ற யாராக இருந்தாலும், தேவமாதாவாகவே இருந்தாலும், ‘எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’ என்பதோடு சரி. அவரைப் பெற்ற தாய்க்கே கொடுக்காத பதிலை, நேற்று வந்த ஒரு மனிதனுக்குத் தன் வீட்டுக் கூடத்தில், தன் புருஷனும் பிள்ளையும் முழந்தாளில் நின்று கொடுக்கிறார்களே! சவுந்தரம் தேங்காய்ப்பூ ஒட்டிய கையோடு முன்னறைக்குப் பாய்ந்தாள்.

அங்கே பத்துப் பன்னிரண்டு பேர் வெள்ளை அங்கி அணிந்து முழந்தாளிட்டிருந்தார்கள். அந்த அங்கிகளை அவளே தன் தையல் மெஷினில் தைத்துக் கொடுத்திருந்தாள். ஆனால் அவர்கள் சுவரிலிருந்த மாதா படத்தைப் பார்த்து முழந்தாளிடவில்லை. படத்தை முதுகால் மறைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான் இன்னாசிமுத்து. தூதரண்ணன் என்று எல்லாரும் கூப்பிடும் அந்த மனிதனின் பாதத்தை நோக்கித்தான் அத்தனை தலைகளும் குனிந்திருந்தன.

“யாரைப் பாத்து இரட்சியும்னு கேக்குறீங்க?” என்று சவுந்தரம் கத்தினாள்.

யாரும் நிமிரவில்லை. இன்னாசிமுத்து மட்டும் புன்னகை செய்தான்.

“சவுந்தரம் தங்கச்சிக்கு அடுப்புச் சூடு தலைக்கு ஏறிடுச்சு லா. கொஞ்சம் தண்ணி குடுங்க.”

நாலைந்து பேர் சிரித்தார்கள். ஆரோக்கியநாதனின் முகம் வெட்கத்தில் கறுத்தது.

“சவுந்தரம், உள்ள போ.”

“போறேன். அதுக்கு முன்னாடி இந்தப் பிரார்த்தனை எந்தக் கோயில்ல சொல்றதுன்னு நீங்க சொல்லுங்க.”

“கோயில் முடிஞ்சு போச்சு தங்கச்சி,” என்றான் இன்னாசிமுத்து, குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற குரலில். “அங்க இருக்கிறது வெறும் சுவரு. இந்தச் சீயோன்ல ஏறுனவனுக்குத்தான் மோட்சம். நாளைக்குக் காலையில ஜூலியானா எங்கூட நிபோங் திபாலுக்கு வர்றா. சீயோன் வீட்டுக்குப் புறாவா அவளை நேர்ந்தாச்சு. இனிமே அவளுக்குக் கல்யாணம் கிடையாது. தாய் தகப்பன் பாக்க வர்றதும் கிடையாது.”

“நேர்ந்து விட அவ என்ன ஆட்டுக்குட்டியா?”

“அம்மா!” என்று ஜூலியானா எழுந்தாள். பதினேழு வயதுப் பெண். முகத்தில் ஒரு சொட்டு இரத்தம் இல்லை. “நான் போகணும்மா. போகாட்டி...”

அவள் இன்னாசிமுத்துவைப் பார்த்தாள். அவன் ஒரு விரலைத் தன் உதட்டில் வைத்தான். பெண் வாயை மூடிக்கொண்டாள். சவுந்தரம் அந்த விரலையே பார்த்தாள். போகாவிட்டால் என்ன? தன் குழந்தையின் வாயை இப்படிப் பூட்டி வைக்க இவனுக்கு எங்கிருந்து வந்தது சாவி?

சவுந்தரத்தின் வாழ்க்கையில் சொல்லிக்கொள்ளும்படியான விசேஷம் எதுவும் கிடையாது. காரைக்காலிலிருந்து கப்பலேறி வந்த ஒரு தையற்காரருக்குப் பினாங்கிலேயே பிறந்தவள். சூலியா தெருவுக்குப் பின்னால் ஒரு சந்து வீட்டில் குடித்தனம். முதன்முதலாக நற்கருணை என்னும் புதுநன்மை வாங்கும் சிறுமிகளுக்கு வெள்ளைக் கவுன், கல்யாணப் பெண்ணுக்கு முக்காடு, செத்தவர்களுக்குச் சட்டை, எல்லாம் அவள் கையால் தைத்தவைதான். ஞாயிறு தவறாமல் பூசை, வருஷம் தவறாமல் நோன்பு. கணவன் ஆரோக்கியநாதன் துறைமுகத்தில் அரிசிக் கிட்டங்கி ஒன்றில் கணக்கெழுதும் கிராணி. அதிர்ந்து பேசாத மனிதன். ஹென்றி, ஜூலியானா என்று இரண்டு பிள்ளைகள்.

உலகப் போர் முடிகிற வருஷம் வந்த விஷக் காய்ச்சலில் ஹென்றி போய்விட்டான். மீசை அரும்பத் தொடங்கிய பிள்ளை. தெருவுக்குத் தெரு பிணம் விழுந்த காலம் அது. சவப்பெட்டிக்கே ஆட்கள் காத்துக்கிடந்தார்கள். மகனுக்குக் கடைசிச் சட்டையைத் தைத்தபோது, தையல் நேராக வர வேண்டும் என்று சவுந்தரம் மூன்று முறை பிரித்துத் தைத்தாள். அதற்குமேல் அந்தத் தாயைப் பற்றிச் சொல்ல மனம் வரவில்லை.

அன்றைக்கு அடுத்த வீட்டு நவமணி துக்கத்துக்கு வந்தாள். நவமணி புரோட்டஸ்டாண்டு சபைக்காரி. பெண்கள் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. கையில் ஜெபமாலை கிடையாது, வீட்டில் மாதா படம் கிடையாது. அவள் பிணத்தின் காலடியில் உட்கார்ந்து, “கர்த்தராகிய இயேசுவே” என்று கண்ணீரோடு ஜெபிக்கத் தொடங்கியதும் சவுந்தரம் சீறினாள். “பதிதக்காரி ஜெபம் எம்புள்ளைக்கு வேணாம். எந்திரிச்சுப் போ.” வேதத்தை விட்டு விலகிப் போனவர்கள் என்று சின்ன வயதிலிருந்து அவளுக்குக் காட்டிக்கொடுக்கப்பட்டவர்கள் நவமணியின் ஆட்கள்தான். பதிதம் என்றால் அதற்கு நவமணியின் முகம்தான் என்று நினைத்திருந்தாள். அன்று முதல் இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை.

ஐயோ, பேதைப் பெண்ணே! அழுதுகொண்டு வந்தவளை விரட்டிவிட்டாய். சிரித்துக்கொண்டு வந்தவனுக்கோ இலை போட்டாய்!

ஏனென்றால் இன்னாசிமுத்து வந்தபோது கழுத்தில் மாதா பக்தர்கள் அணியும் உத்தரியம் இருந்தது. கையில் ஜெபமாலை இருந்தது. வாசலைத் தாண்டியதும் மாதா படத்துக்கு முன் தடாலென்று முழந்தாளிட்டான். ஹென்றி இறந்து நாலாம் வருஷம் அது. “ராத்திரி ஜெபத்தில இருக்கிறப்போ ஒரு பையன் வந்து நிக்கிறான். ஹென்றின்னு பேரு சொல்றான். தாகமா இருக்குன்னு சொல்றான்” என்றான். ஆரோக்கியநாதன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். சவுந்தரமோ கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். அவன் காசு கேட்கவில்லை. காசு கேட்டிருந்தால் அன்றைக்கே துரத்தியிருப்பாள். அவன் கேட்டது காசைவிடப் பெரிய பொருள் என்று அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

பிள்ளையின் ஆத்துமா பாவம் கழியும் இடமான உத்தரிக்கிற ஸ்தலத்தில் வெந்துகொண்டிருக்கிறது, கோயிலில் வைத்த பூசை அங்கே எட்டவில்லை, தான் ஜெபித்தால்தான் எட்டும் என்றான். பிறகு, வெளியாட்களிடம் இதைப் பேசக் கூடாது என்றான். பிறகு, சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்வது வீண், தன்னிடம் சொல்லுங்கள் என்றான். தகப்பனும் மகளும் சொன்னார்கள். சூலியா தெருவில் ஒரு மாடியறையில் கூட்டம் நடக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கேதான் போனார்கள். சவுந்தரம் மட்டும் தையல் வேலையைச் சாக்காக வைத்துக் கோயிலுக்குப் போய் வந்தாள். “ஆரோக்கியநாதனைக் காணோமே?” என்று பங்குச் சாமியார் கேட்டபோதெல்லாம், “உடம்புக்கு முடியல சாமி” என்று பொய் சொன்னாள். ஜெபமாலை பிடித்த மனிதன் தப்பாக எதைச் சொல்லிவிடப் போகிறான் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள். அந்தக் கூட்டம் முதன்முறையாக அவள் வீட்டில் கூடிய அந்தச் சாயங்காலம்தான் எல்லாம் வெளிச்சத்துக்கு வந்தது.

கூட்டம் கலைவதற்குள் சவுந்தரம் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு கோயிலுக்கு ஓடினாள். சாமியார் அக்கரையில் தாசேக் கெலுகோர் பக்கத்துத் தோட்டங்களுக்குப் பூசை வைக்கப் போயிருந்தார்; வர இரண்டு நாள் ஆகும் என்று கோயில் சமையற்காரர் சொன்னார். இரண்டு நாள்! விடிந்தால் பெண் கையை விட்டுப் போய்விடுவாள்.

திரும்பி வந்தவள் தன் வீட்டு வாசலில் நிற்கவில்லை. அடுத்த வாசலுக்குப் போனாள்.

நவமணி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். எழுந்திருக்கவில்லை.

“என்னக்கா, வீடு மாறி வந்துட்டீங்களா? உங்க வீடு பக்கத்துல. இது பதிதக்காரி வீடு.”

“குத்திக் காட்டு. நல்லாக் குத்து. நான் வாங்கிக்கிறேன்.”

“குத்துறதுக்குத்தான் இத்தனை வருஷமா ஊசியைத் தீட்டி வச்சிருந்தேன். உங்க மூஞ்சியைப் பாத்ததும் மனசு வரலியே,” என்று சொல்லி நவமணி முறத்தைத் தள்ளி வைத்தாள். “என்ன ஆச்சு? ஜூலியானாவா?”

சவுந்தரம் சொல்லி முடிக்கும்வரை நவமணி குறுக்கே பேசவில்லை. முடித்ததும் சவுந்தரம் ஒரு கேள்வி கேட்டாள். அந்தக் கேள்வியைக் கேட்கவே தான் வந்ததாக அவளுக்குத் தோன்றியது.

“நவமணி, உண்மையைச் சொல்லு. உங்க சபைல பாதிரியாரப் பாத்து இரட்சியும்னு கேப்பீங்களா?”

“அவரப் பாத்தா? மழைக்குக் குடை எடுக்க மறந்துட்டு வர்ற மனுசன் அவரு. அவர எப்படிக்கா இரட்சிக்கச் சொல்லிக் கேக்குறது?” நவமணி சிரிக்கவில்லை. “நாங்க இயேசுவைத்தான் கேப்போம். நீங்க சேசுன்னு சொல்றீங்க, நாங்க இயேசுன்னு சொல்றோம். ஞாயித்துக்கிழமை எங்க கோயில்ல நின்னுக்கிட்டு, பிதாவை விசுவாசிக்கிறேன், அவரோட ஒரே குமாரனை விசுவாசிக்கிறேன், சிலுவையில செத்து மூணாம் நாள் எந்திரிச்சாருன்னு எல்லாரும் சொல்லுவோம். நீங்க என்ன சொல்லுவீங்க?”

“அதேதான்,” என்றாள் சவுந்தரம். அவள் குரல் தேய்ந்தது. “அட்சரம் பிசகாம அதேதான்.”

“உங்களுக்கும் எங்களுக்கும் ஆயிரம் வழக்கு இருக்குக்கா. மாதாவைப் பத்தி இருக்கு, போப்பாண்டவரைப் பத்தி இருக்கு. அதெல்லாம் சின்ன விசயம்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா அது ஒரே வீட்டுச் சண்டை. இவன் வீட்டையே தம்பேருக்கு எழுதிக்க வந்தவன்.” நவமணியின் கண்கள் சிவந்தன. “இன்னொண்ணு சொல்றேன். உங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடி எங்க சபைக்குத்தான் இவன் வந்தான். அப்ப கையில ஜெபமாலை இல்ல. வேதாகமம் இருந்துச்சு. மாதா படம் வச்சிருக்கிறவங்க நரகத்துக்குப் போவாங்கன்னு எங்ககிட்டப் பேசுனான்.”

சவுந்தரம் சுவரைப் பிடித்துக்கொண்டாள். தன் வீட்டு மாதாவின் முன் தடாலென்று விழுந்த அந்த முழந்தாள்கள்!

“ரெண்டு குடும்பத்தை இழுத்துக்கிட்டுப் போனான். எங்க பாதிரியார் கண்டுபிடிச்சு வெளிய அனுப்புனாரு. உங்க வீட்டுக்குள்ள அவன் நுழையறதைப் பாத்த அன்னைக்கே சொல்ல வந்தேன். நீங்க என்னைக் கண்டதும் காறித் துப்பிட்டு உள்ள போயிட்டீங்க.”

“ஏன் கத்திச் சொல்லல? என் மயிரைப் புடிச்சு இழுத்துச் சொல்லியிருக்கக் கூடாதா?”

“சொன்னா நம்பியிருப்பீங்களா?”

சவுந்தரம் கீழே உட்கார்ந்து, நவமணியின் முறத்திலிருந்த கீரையை வெறி பிடித்தவள் போல ஆயத் தொடங்கினாள். கண்ணீர் கீரையில் விழுந்தது.

மறுநாள் காலையில் வாசலில் ரிக்‌ஷா வந்து நின்றது. படகேறி அக்கரை போய், அங்கிருந்து ரயிலில் நிபோங் திபால் போக ஏற்பாடு. ஜூலியானா வெள்ளை அங்கியோடு தயாராக நின்றாள். ஆரோக்கியநாதன் மகளின் தலையைத் தடவிக்கொண்டிருந்தான். இன்னாசிமுத்து உள்ளே வந்ததும் சவுந்தரம் எதிரே நின்றாள். அவள் பக்கத்தில் நவமணி.

“இவ ஏன் இங்க?” என்றான் ஆரோக்கியநாதன்.

“நான்தான் கூட்டிட்டு வந்தேன். இந்த ஆளு இவங்க சபைல மாதாவைப் பழிச்சானாம். கேளுங்க.”

இன்னாசிமுத்து கொஞ்சமும் தடுமாறவில்லை. “ஆமா, பேசினேன். பவுல் அப்போஸ்தலர் யூதருக்கு யூதனைப் போல ஆகலியா? ஒவ்வொரு மீனுக்கும் ஒவ்வொரு இரை.”

“இரையா?” என்றாள் நவமணி. “சாமி பேரை இரையாக் குடுத்து மனுசங்களைப் புடிக்கிறியா?”

“நேத்து இவங்க உன்னை இரட்சியும்னு கேட்டாங்களே, நீ யாரு?” என்று சவுந்தரம் கேட்டாள். “எம் புருஷன் முன்னாடி சொல்லு.”

“நானா? நான் புழு தங்கச்சி. அன்பு மிகுதியில புள்ளைங்க சொல்லுது. நான் என்ன பண்ண?” உடனே கையைக் குவித்து விசுவாசப் பிரமாணத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை மளமளவென்று சொன்னான். ஒரு வார்த்தை பிசகவில்லை. சொல்லிவிட்டு ஆரோக்கியநாதனைப் பார்த்து, “போதுமா?” என்றான்.

ஆரோக்கியநாதன் மனைவியைக் கோபத்தோடு பார்த்தான். “பாத்தியா? நல்லவரைச் சந்தியில நிறுத்திட்டியே!”

சவுந்தரத்துக்குப் புரிந்தது. வார்த்தைகளை வைத்து அவனைப் பிடிக்க முடியாது. எல்லா வார்த்தையும் அவனிடம் இருந்தது. அவளிடம் மிச்சமிருந்தது ஒன்றே ஒன்றுதான். மகளின் கையை இறுகப் பற்றிக்கொண்டாள்.

“நான் விட மாட்டேன். எங்கையை வெட்டிட்டுக் கூட்டிட்டுப் போ.”

தாயின் கைச்சூடு பட்டதும் ஜூலியானா ஓர் அடி பின்னால் வைத்தாள். அது இன்னாசிமுத்துவின் கண்ணில் பட்டது. புன்னகை மாறாமலே அவன் சொன்னான்:

“ஜூலியானா, நீ என்கிட்டச் சொன்னது ஞாபகம் இருக்கா? பாவசங்கீர்த்தனத்துல? அதை இப்ப உங்கம்மாகிட்டச் சொல்லட்டுமா?”



ஆரோக்கியநாதன் தலையை மெல்ல நிமிர்த்தினான். நாற்பது வயதைத் தாண்டிய அந்தச் சாது மனிதனின் முகத்தில் முதலில் குழப்பம் தெரிந்தது, பிறகு பயம்.

“அண்ணே, அது பாவசங்கீர்த்தனம்,” என்றான், ஏதோ மறந்துவிட்டவருக்கு நினைவுபடுத்துவது போல. “அதை வெளிய சொல்லக் கூடாது.”

“தூதனுக்கு ஏது தடை?”

“எங்க சாமியார் இருக்காரே...” ஆரோக்கியநாதனுக்கு மூச்சு வாங்கியது. “அவரு கழுத்துல கத்தியை வச்சாலும் சொல்ல மாட்டாரு. கொலைகாரன் வந்து சொன்னாலும், போலீஸ் வந்து கேட்டாலும் சொல்ல மாட்டாரு. சாகுறதுக்குச் சம்மதிப்பாரு, சொல்றதுக்குச் சம்மதிக்க மாட்டாரு. நாங்க அதை நம்பித்தானே வாயைத் தொறக்குறோம்! நீ... எம்புள்ளை சொன்னதை வச்சா அவளைக் கட்டி இழுக்குற?”

‘நீங்க’ போய் ‘நீ’ வந்துவிட்டதை எல்லாரும் கவனித்தார்கள். இன்னாசிமுத்துவும் கவனித்தான். முதன்முறையாகப் புன்னகை அவன் முகத்திலிருந்து கழன்றது.

“துள்ளாதே ஆரோக்கியநாதன். நீயும்தான் என்கிட்ட வாயைத் தொறந்த. கிட்டங்கியில அரிசி மூட்டை குறைஞ்சப்ப, கணக்குல தப்புப் பண்ணுனது யாரு? ராமசாமிக்கு வேலை போனது யாரால? உங்க துரைக்குத் தெரிஞ்சா?”

ஆரோக்கியநாதன் கண்ணை மூடினான். கிட்டங்கியில் கூட வேலை பார்த்த அந்த ராமசாமி இப்போது துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். சவுந்தரம் அதிர்ந்து கணவனைப் பார்த்தாள். அவளுக்கு இது தெரியாது. அந்த மனிதன் கண்ணைத் திறந்தபோது அதில் நீர் நிறைந்திருந்தது. ஆனால் குரல் உடையவில்லை.

“என்னாலதான். இன்னைக்கு நானே போய்த் துரைகிட்டச் சொல்றேன். வேலை போனாப் போகட்டும். நீ சந்துல நின்னு கத்து, போ. எல்லாருக்கும் கேக்குற மாதிரி கத்து. இனிமே எனக்கு என்ன பயம்?”

“அப்பா!” என்று ஜூலியானா அலறினாள். “அப்போ நானும் சொல்லிடுறேன். அவர் சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடுறேன். அண்ணன் தண்ணி கேட்டுச்சும்மா! நீங்க ரெண்டு பேரும் டாக்டரைத் தேடிப் போயிருந்தீங்க. அண்ணன் ஜூலி, ஜூலின்னு கூப்பிட்டுத் தண்ணி கேட்டுச்சு. கிட்டப் போனா எனக்கும் காய்ச்சல் வந்துரும்னு பயந்து, தூங்குற மாதிரி படுத்துக்கிட்டேன். இவர்கிட்டத்தான் சொன்னேன். அண்ணன் அந்தத் தாகத்துலதான் இன்னும் வேகுதாம். நான் சீயோன் வீட்டுக்கு வந்தாத்தான் அண்ணன் நாக்குல ஒரு சொட்டு விழுமாம்!”

தாகமாக இருக்கிறது என்று ஹென்றி சொன்னதாக அன்றைக்கு அவன் அளந்த கதையை இந்தக் குழந்தை நம்பி, அதற்குத் தன் இரகசியத்தைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறது. அன்று சும்மா வீசிய வலையில் சதை மாட்டிக்கொண்டது அவனுக்கே அதிர்ஷ்டம்தான். அன்று முதல் அந்தத் தாகத்தை அவன் சாட்டையாக முறுக்கியிருக்கிறான். பன்னிரண்டு வயதில் பயந்துபோன ஒரு குழந்தையை, செத்துப்போன அண்ணனின் பெயரால் இரவும் பகலும் அடித்திருக்கிறான். மனிதர்களை இரட்சிக்க வந்தவனாம்! இவனையா அத்தனை பேரும் முழந்தாளில் நின்று கெஞ்சினார்கள்?

சவுந்தரம் மகளை இழுத்துத் தன் மார்போடு அழுத்திக்கொண்டாள். அவள் அழவில்லை. அவள் கோபம் அழுகையைத் தின்றுவிட்டது.

“அடிப் பாவி, இதுக்கா வாயை மூடிக்கிட்டுக் கிடந்த? நாங்க வந்ததும் நான் உங்கண்ணனுக்குத் தண்ணி குடுத்தேன்டி. எங்கையால குடுத்தேன். குடிச்சுட்டுத்தான் கண்ணை மூடுனான். யாரு சொன்னது அவன் தாகத்தோட போனான்னு?”

“நெசமாவாம்மா?”

“உன்மேல சத்தியம். நவமணி, கேட்டியா? அஞ்சு வருஷமா இந்தப் புள்ளை இதைச் சுமந்திருக்கா. நான் பக்கத்துலயே உக்காந்து தச்சுக்கிட்டிருந்திருக்கேன்.”

நவமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஜூலியானாவின் முதுகைத் தடவினாள். பிறகு இன்னாசிமுத்துவின் பக்கம் திரும்பினாள்.

“சேசு உன்னை மாதிரி ஒருத்தரையும் பயமுறுத்தல. செஞ்ச பாவத்தைச் சந்தையில ஏலம் போடவும் இல்ல. மன்னிச்சு, வீட்டுக்குப் போன்னு அனுப்புனாரு. போனவங்களைத் திருப்பிக் கூப்பிட்டு மிரட்டல.”

பழக்கமில்லாத அந்தச் ‘சேசு’ நவமணியின் வாயில் வந்ததைச் சவுந்தரம் கவனித்தாள்.

இன்னாசிமுத்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். எந்த முகத்திலும் அவனுக்கு இடமில்லை. கையிலிருந்த ஜெபமாலையை மடித்துப் பையில் போட்டுக்கொண்டான், இனி இங்கே அதற்கு வேலையில்லை என்பது போல.

“இந்த வீட்டு மேல அக்கினி விழும்,” என்றான். “மூணு பேரும் வேகுவீங்க. ஹென்றியும் வேகுவான். அப்ப தூதரண்ணேன்னு கூப்பிடாதீங்க.”

“எம் மகன் பேரை உன் வாயால சொல்லாதே!” ஆரோக்கியநாதன் அவன் சட்டைக் கழுத்தைப் பிடித்துவிட்டான். பூனையை அடிக்கக்கூட ஓங்காத கை அது. ஆனால் பிடி நழுவவில்லை. நவமணி ஓடி வந்து விலக்கினாள்.

“விடுங்கண்ணே. இவன் மேல கை வச்சா அடிபட்ட வேதசாட்சின்னு ஊர் முழுக்கச் சொல்லிக்கிட்டுத் திரிவான். மத்த வீட்டுப் புள்ளைங்களும் அந்தச் சீயோன் வீட்டுல இருக்கு. சாமியார் வரட்டும், எங்க பாதிரியாரையும் கூட்டிக்கிட்டு எல்லாருமாப் போவோம் லா.”

ஆரோக்கியநாதன் கையை எடுத்தான்.

“போ,” என்றாள் சவுந்தரம். “உனக்கு நான் கோழி அடிச்சுப் போட்டதை நெனச்சாலே என் வயிறு எரியுது. போயிரு.”

இன்னாசிமுத்து கசங்கிய காலரை நீவிக்கொண்டு, ஜூலியானாவை ஒரு முறை பார்த்தான். பழையபடி விரலை உதட்டுக்குக் கொண்டுபோனான்.

ஜூலியானா தாயின் பிடியிலிருந்து விலகி முன்னால் வந்தாள். கால் தடுக்காமலிருக்க நீளமான வெள்ளை அங்கியை ஒரு கையால் தூக்கிப் பிடித்திருந்தாள். “எங்கம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன்,” என்றாள். “இனிமே உங்ககிட்ட என்னோடது ஒண்ணுமில்ல.”

அவன் படியிறங்கினான். ரிக்‌ஷாக்காரன் காலி வண்டியின் கைப்பிடியைத் தூக்கினான். ஜூலியானா இரண்டு கைகளாலும் கதவைத் தள்ளிச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டாள்.